மிளகாய் மில்லின் தண்டை அளந்த கிழமை

மகளே,

நீ முழுதாகச் சொன்ன முதல் சொல் "அக்கா". என்னைப் பார்த்துத்தான் சொன்னாய். அம்மா கைதட்டிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, உடுப்புத் தோய்க்கும் மெஷினில் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் தரையில் இருந்தேன். அழவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். உன்னைப் பெற்றவள் நான். உன் பிறப்புப் பத்திரத்தில் தாய் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டிலும், எங்களைத் தெரிந்த தமிழ் ஆட்கள் நடுவிலும் நீ என் அம்மாவின் கடைசிப் பிள்ளை. நான் உன் அக்கா. அந்தச் சொல் உன் வாயில் நிலைத்துவிடுவதற்கு முன்னால் நான் ஏதாவது செய்தாக வேண்டும் என்று அன்று விளங்கியது. என்ன செய்வது என்பதுதான் விளங்கவில்லை.

இதை எழுதும்போது எனக்குப் பத்தொன்பது வயது. நீ வாசிக்கும்போது அதைக் கடந்திருப்பாய். ஆகவே இது உன்னைவிட இளையவள் ஒருத்தி உனக்கு எழுதும் கடிதம். புத்திமதி மாதிரி எங்காவது வந்தால் பொறுத்துக்கொள். ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தால் எனக்கு இலகு. ஆனால் அது என் அம்மாவுக்கு முழுதாக விளங்காது, அவரும் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். என்னைப் போல வாய் திறக்கத் தயங்கும் வேறு பிள்ளைகள் வாசித்தாலும் சரி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்வதெழுதுதலுக்கு எனக்கு எப்போதும் நல்ல புள்ளி கிடைக்கும். அதற்குப் பேசத் தேவையில்லை.

மற்றப் பள்ளியில், ஜெர்மன் பள்ளியில், அப்படி இல்லை. இங்கே வகுப்பில் கை உயர்த்திப் பேசுவதற்கும் புள்ளி போடுவார்கள். விடை தெரிந்தாலும் என் கை மேசைக்கு மேலே வராது. எழுத்துப் பரீட்சையில் எடுத்ததையெல்லாம் வாய் மூடியிருந்தே இழந்தேன். "நீ வகுப்பில் இருக்கிறாயா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை" என்று ஓர் ஆசிரியை ஒருமுறை சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். நின்றது பிழை என்று உனக்குச் சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் அதன் பிறகு வந்த ஒவ்வொரு காலையும் எனக்குத் தெரியும். நீ பேசாத பிள்ளையாக இருந்தால், பேசாமலே அங்கே இரு. எழுந்து வெளியே வராதே.

உன் அப்பா என்னோடு படித்தவன். கெட்டவன் அல்ல, என்னைப் போலவே பயந்தவன். பயத்தில் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான், நான் வீட்டுக்குள் போய்விட்டேன். அவனைப் பற்றி நீ கேட்கும்போது நேரில் சொல்கிறேன். நீ வரப்போவது தெரிந்த அன்று என் அம்மா அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு எனக்கு எதிரே இருந்தார்.

"நான் சொல்லுறதைக் கேள். படிப்பையும் விட்டிட்டாய். இனிக் கலியாணமும் இல்லையெண்டால் என்ன செய்யப்போறாய்? பிள்ளை என்ர பிள்ளையா வளரட்டும். எனக்கு இன்னும் வயசு போகேல்லை. ஆர் கேக்கப்போகினம்?"

அப்பா பக்கத்துக் கதிரையில் பார்சல் கொம்பனிச் சட்டையைக் கழற்றாமல் இருந்தார். என் வயது வருவதற்கு முன்பே தனியாக ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர் அவர். அன்றிலிருந்து ஆட்கள் என்ன கேட்பார்கள் என்று யோசித்து யோசித்தே வாழ்ந்தவர். "அம்மா சொல்லுறது சரி" என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் "ஓம்" என்றேன். அந்த மாதங்களில் அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். வீட்டுக்கு ஆட்கள் வருவதையும் ஏதேதோ சொல்லித் தவிர்த்தார். நீ பிறந்த பிறகு ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிட்டு, கடவுள் கடைசியாக இன்னொரு பெட்டைப் பிள்ளையைத் தந்திருக்கிறார் என்று சொன்னார். அவர் பொய்க்காரி என்று நினைத்துவிடாதே. நீ பல் முளைத்துக் கத்திய இரவுகளில் உன்னைத் தோளில் போட்டு நடந்தது அவர்தான். எனக்கு அதிகாலை பஸ் இருந்தது. வேலைக்குப் போகிற பிள்ளை தூங்கட்டும் என்றுதான் நடந்தார்.

என் வேலையை உனக்குச் சொல்ல வேண்டும். டோர்ட்முண்டுக்கு வெளியே பழைய மெஷின்களுக்கு உறுப்புகள் செய்யும் ஒரு சின்னப் பட்டறை. பள்ளியை விட்ட பிறகு பிராக்டிகும் என்ற வேலைப் பயிற்சிக்குப் போனேன், அங்கேயே தங்கிவிட்டேன். பட்டறையை நடத்துபவள் பிர்கிட். உரத்த குரல், உரத்த சிரிப்பு. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவள். அங்கே எல்லோருக்கும் நான் உன் அம்மா. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மா ஆவேன், பின்னேரம் வீட்டுக் கதவைத் திறக்கும்போது அக்கா ஆவேன். அந்தப் போய்வரவுதான் மற்ற எல்லாவற்றையும் விட என்னைக் களைக்க வைத்தது.

நான் செய்வது அளக்கும் வேலை. மோட்டரின் சுழற்சியை மெஷினுக்குக் கொண்டுபோக ஓர் இரும்புத் தண்டு இருக்கும். அதன் நுனியைச் சுற்றி நீளவாக்கில் பற்கள் வெட்டியிருப்பார்கள். உள்பக்கம் அதேபோலப் பற்கள் உள்ள ஒரு வளையத்துக்குள் அது போய்ச் செருகிக்கொள்ளும். தண்டு சுற்றினால் வளையமும் சுற்றும். காலம் போகப் போகப் பற்கள் தேயும், ஒரு நாள் தண்டு மட்டும் சுற்றும், மெஷின் நின்றுவிடும். செய்தவர்கள் கடையை மூடிவிட்ட மெஷின் என்றால் புதிய உறுப்பு எங்கும் கிடைக்காது. தேய்ந்ததை அப்படியே பார்த்துச் செய்தால் புதிதும் தேய்ந்ததாகவே பிறக்கும். ஆகவே அது முதலில் எப்படி இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். எதிரெதிரான இரண்டு பல்லிடுக்குகளில் ஒரே தடிப்பான இரண்டு உருக்கு ஊசிகளை வைத்து, ஊசிகளுக்கு மேலாக மைக்ரோமீட்டரைப் பிடிப்பேன். பல் மெலிந்திருந்தால் ஊசி உள்ளே இறங்கும், அளவு குறையும். வளையம் மூடியிருந்த பகுதிதான் தேயும். வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியில் ஒரு விரலகலத்துக்குப் பற்கள் புதிது மாதிரியே இருக்கும். இரண்டு இடத்திலும் அளந்தால் தேய்மானம் தெரியும். அளக்கும் அறைக்குக் கதவு உண்டு. அதைச் சாத்திவிட்டு இருந்தால் யாரும் என்னைக் கை உயர்த்தச் சொல்வதில்லை.

இந்தக் கிழமை, செவ்வாய்க்கிழமை, பட்டறையில் வறுத்த மல்லியும் மிளகாயும் மணக்கத் தொடங்கியது. ஆளைப் பார்ப்பதற்கு முன்பே மணத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. மில் குணம் மாமா. எங்கள் பகுதித் தமிழ்க் கடைகளுக்கெல்லாம் கறித்தூள் அரைத்துக் கொடுப்பவர். அவருக்கு எல்லாரையும் தெரியும், எல்லாருக்கும் அவரைத் தெரியும். பட்டறைக்குத் தமிழர் ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே அவர் ஜெர்மனில் பிர்கிட்டுக்கு விளக்கினார்: வளையத்தின் பற்கள் மொட்டையாகிவிட்டன, மில் நின்றுவிட்டது, கோயில் திருவிழாவுக்குத் தூள் கொடுக்க வேண்டும். பிர்கிட் என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்று கேட்டாள். "சாதாரண எண்ணெய்" என்றார். அவர் போன பிறகுதான் நான் வெளியே வந்தேன்.

தண்டைக் கழுவி, ஊசிகளை வைத்து அளந்தேன். தேய்ந்திருக்க வேண்டிய இடம் தேயாத நுனியைவிடத் தடிப்பாக இருந்தது. திரும்ப அளந்தேன், அதே அளவு. பிர்கிட்டிடம் காட்டினேன்.

"இரும்பு வளராது" என்றாள். "எதையோ சேர்த்து அளந்திருக்கிறாய்."

கூரான கம்பியால் ஒரு பல்லின் பக்கத்தைச் சுரண்டினேன். காய்ந்த வார்னிஷ் மாதிரி ஒரு பழுப்புச் சுருள் கழன்று வந்தது. முகர்ந்து பார்த்தேன். நல்லெண்ணெய். கூடவே கறித்தூள். மூன்று முறை தும்மினேன். வருடக்கணக்காக எண்ணெயில் மிளகாய்த்தூள் போய் ஒட்டி, சூட்டில் இறுகி, தேய்ந்த பற்களின் மேல் புதுப் பல் மாதிரிப் படிந்திருந்தது. அதன் கீழே இரும்பு பாதியாக மெலிந்திருந்தது. அளவை நம்பியிருந்தால் வளையத்தை மட்டும் செய்து கொடுத்திருப்போம். அந்தப் படலம் உதிர்ந்த அன்றே மில் மறுபடி நின்றிருக்கும், அதுவும் திருவிழா நடுவில்.

"அவரிடம் சரியாகக் கேள், என்ன ஊற்றுகிறார் என்று" என்றாள் பிர்கிட்.

"நீங்களே கேளுங்களேன்."

"நான் கேட்டேன். சாதாரணம் என்றார். உங்களுக்குள் எது சாதாரணம் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாளை வருவார். நீ கேள்."

புதன்கிழமை வந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஐயோ, தமிழ்ப் பிள்ளையே! நேற்று எங்க நிண்டனீங்கள், மேசைக்குக் கீழயோ?"

"மாமா, இந்தத் தண்டுக்கு என்ன எண்ணெய் போடுறனீங்கள்?"

"நல்லெண்ணெய்தான். ஏன், பிழையே?" குரலைத் தாழ்த்தினார். "உந்த வெள்ளைக்காரி சிரிப்பா எண்டுதான் சாதாரண எண்ணெய் எண்டு சொன்னனான். கோயில் மடப்பள்ளிக்கும் எங்கட தூள்தான் போகுது பிள்ளை. கிரீசுக்குள்ள மாட்டுக் கொழுப்பு இருக்கெண்டு ஆரோ சொன்னவங்கள். நான் அதைப் போடலாமே? அதுதான் வாங்கின நாளில இருந்து நல்லெண்ணெய். சாமிக்கு விளக்கெரிக்கிற அதே போத்தல்."

சுருண்டு விழுந்த பழுப்புத் துண்டுகளைத் தட்டில் காட்டினேன். ஒன்றை எடுத்து முகர்ந்தார். "எங்கட தூள்தான்" என்றார் பெருமையாக. பிர்கிட்டுக்கு ஜெர்மனில் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள் என்று நீ நினைப்பாய், அப்படியில்லை. லேசாகச் சிரித்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு குழாயை எடுத்து வந்தாள். சாப்பாட்டு மெஷின்களுக்கென்றே உள்ள வெள்ளைக் கிரீஸ். மிருகக் கொழுப்பு இல்லை என்று அதில் எழுதியிருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, என்னையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் நம்பினார். தண்டு, வளையம் இரண்டையும் புதிதாகச் செய்யச் சம்மதித்தார். அதற்குப் பிறகு நான் பயந்த கேள்வி வந்தது.

"அதுசரி, ஆற்ற மகள் நீங்கள்?"

"ரவியின்ர மகள்."

"எந்த ரவி, பார்சல் ரவியோ? அட! உங்கட அம்மாவுக்குத்தானே கடைசியா ஒரு குழந்தை பிறந்தது. என்ர மனுசி சொன்னவ. அதெல்லாம் கடவுள் குடுக்கிறது. தங்கச்சி எப்பிடி, சுகமோ?"

பிர்கிட் பக்கத்தில் நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். அப்படி முடிந்திருந்தால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அந்த அளவுக்குக் களைத்துப்போயிருந்தேன்.

"ஓம்" என்றேன்.

வியாழக்கிழமை முழுவதும் அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்து, வெறும் இரும்பை அளந்து, வரைபடம் போட்டேன். திருவிழா அவசரம் என்று பிர்கிட் அன்றிரவே வெட்டத் தொடங்கினாள். குணம் மாமா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தீங்கு செய்ய நினைத்து அவர் எதையும் ஊற்றவில்லை. தனக்குச் சுத்தமாகத் தெரிந்த எண்ணெயை, வணக்கத்தோடு ஊற்றினார். அளவுதான் பிழைத்துப்போனது. அன்று முழுவதும் அம்மாவின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கண் டொக்டரிடம் டெர்மின், முன்பே குறித்த நேரம். அப்பா வேலையில். அதனால் அம்மா உன்னைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். பிர்கிட்டின் அலுவலக அறையில் காகிதக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டு விளையாடிக்கொண்டிருந்தாய். குணம் மாமா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார், கையில் எனக்கென்று ஒரு பை மிளகாய்த்தூள். நான் புதிய தண்டையும் வளையத்தையும் எடுத்து வந்து அவர் முன்னால் செருகிக் காட்டினேன். நீ அவருடைய குரலுக்குப் பயந்து "அக்கா, அக்கா" என்று ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாய்.

"இவவே தங்கச்சி? அச்சு அக்காதான்! எங்க, மாமாட்ட வாங்கோ பாப்பம்."

உன்னைத் தூக்கினேன். உன் மூக்கு என் கழுத்தில் ஈரமாகப் பட்டது. எனக்குத் துணிச்சல் வந்தது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். துணிச்சல் வரவில்லை. இன்னொரு "ஓம்" சொல்ல உடம்பில் பலம் இல்லை, அதுதான் உண்மை. நாளைக்கு நீ கதைக்கப் பழகி, கேள்வி கேட்கத் தொடங்கினால் உனக்கும் அதே "ஓம்" சொல்ல வேண்டி வரும்.

"தங்கச்சி இல்லை மாமா."

"என்ன?"

"என்ர பிள்ளை. நான் பெத்த பிள்ளை."

அவர் கையிலிருந்த தண்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. தண்டை வளையத்துக்குள் விட்டு, எடுத்து, திரும்ப விட்டார்.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே பிள்ளை."

"நீங்கள் கேக்கேல்லை. நான்தான் சொன்னனான்."

பிறகு அவர் உன் பக்கம் திரும்பி, "அப்ப நான் உனக்கு மாமா இல்லை, தாத்தா முறை" என்றார். "பாத்தியே, உன்ர அம்மா ஒரு சொல்லில என்னைக் கிழவனாக்கிப்போட்டா." நீ அவருக்கு ஒரு காகிதக் கோப்பையை நீட்டினாய். தண்டையும் வளையத்தையும் வாங்கிக்கொண்டு போனார். கோப்பையையும்தான்.

அன்று பின்னேரம் அம்மாவிடம் நானே சொன்னேன். "மில் மாமாட்ட சொல்லிப்போட்டன்." எதை என்று அவர் கேட்கவில்லை. கண்ணில் விட்ட மருந்தின் கலக்கம் இன்னும் போகாமல் சோபாவில் இருந்தார்.

"ஊரில ஆயிரம் சனம் இருக்க அவனே கிடைச்சான்? இனித் தூள் பையோட சேத்து எங்கட கதையையும் கட்டிக் குடுத்துவிடுவான். கடை கடையாப் போகும்."

"போகட்டும் அம்மா."

"போகட்டுமோ? உனக்கென்ன, நீ கதவைச் சாத்திப்போட்டு உள்ள இருப்பாய். வெளியில நிண்டு பதில் சொல்லுறது ஆர்? நான்தானே?"

அது உண்மை. என் வாழ்க்கை முழுதும் எனக்காக வெளியில் நின்று பேசியது அவர்தான். பள்ளியில், ஆஸ்பத்திரியில், அந்திராக் என்ற விண்ணப்பம் கொடுக்கும் எல்லாக் கந்தோர்களிலும், தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனை வைத்துக்கொண்டு. நான் பேசாதபடியால்தான் என் பிள்ளையைப் பற்றியும் அவரே பேச வேண்டி வந்தது. "இனி நான் சொல்லுறன்" என்றேன். "கேக்கிற ஆக்களை என்னட்ட விடுங்கோ." அவர் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை. அன்று அப்பாவும் வேலையால் வந்த பிறகு மூவரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். நீ மட்டும் கதைத்தாய்.

மகளே, உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்று யாராவது உனக்குச் சொன்னால் உடனே நம்பிவிடாதே. எனக்கு லேசாகவில்லை. முதுகு நொந்தது, நித்திரை வந்தது. இருந்தாலும் சொல்ல வேண்டியிருந்தால் நீயே சொல். உனக்காக வேறு ஒருவர் சொல்லும்படி விட்டால், அவருக்குத் தெரிந்த விதத்தில்தான் சொல்லுவார். அதற்காகப் பிறகு அவரைக் கோபிப்பது நியாயமில்லை.

நேற்றுச் சனிக்கிழமை, அம்மா மத்தியானச் சமையலில் இருந்தபோது ஃபோன் அடித்தது. குணம் மாமாவின் மனைவி. அம்மாவின் கை முழுக்க வெங்காயம், அதனால் முழங்கையால் ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்னக்கா, சுகமோ? உங்கட மூத்தவள் கெட்டிக்காரியாம். மில் இப்ப சத்தமே இல்லாமல் ஓடுது. இவர் வந்ததில இருந்து அந்தக் கதைதான்."

"வேற என்ன சொன்னவர்?" அம்மா கேட்டார்.

"வேற ஒண்டுமில்லை. ஏனக்கா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். குணம் மாமா வீட்டில்கூட வாய் திறக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் பழையபடியே இருக்கலாம். யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கப்போவதில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன், அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுதான் ஃபோன் எடுத்தனான் அக்கா, உங்கட சின்ன மகளுக்கு ஒரு சட்டை எடுத்து வைச்சிருக்கிறன். ஒரு வயசு அளவு காணுமே?"

அம்மா அடுப்பைக் குறைத்தார். நிலத்தில் இருந்து மூடிகளைத் தட்டிக்கொண்டிருந்த உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நெடுநேரம்.

"சின்ன மகள் இல்லை" என்றார். "பேத்தி. மூத்தவளின்ர பிள்ளை."

"என்னக்கா சொல்லுறியள்?"

"காது கேக்கேல்லையே? பேத்தி எண்டனான். சட்டையைக் கொஞ்சம் பெரிசா எடும், கெதியா வளருறாள்."

ஃபோனை முழங்கையாலேயே நிறுத்தினார். வெங்காயத்தை மறுபடி வெட்டத் தொடங்கினார். அவருடைய கண்களில் தண்ணீர் வந்தது. அது வெங்காயமா, வேறா என்று நான் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"உன்ர பிள்ளைக்கு மூக்கு வழியுது. துடை."

துடைத்தேன்.

உன் அம்மா